பாங்கை மீன் சாப்பிடாமல் இருந்த நாட்கள்

கண்ணு,

நேற்று மத்தியானம் நீ ஹாலில் உட்கார்ந்து அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தபோது உன்னிடம் எத்தனை கேள்வி கேட்டேன் என்று எனக்கே தெரியாது. ரெயின்கோட் எடுத்தாயா, சளி மாத்திரை எடுத்தாயா, அங்கே படகு ஓட்டுகிறவர் நிதானமானவரா, தண்ணீருக்குள் போகும்போது சிலிண்டரை யார் சோதிப்பார்கள், சோதிக்கிறவரை யார் சோதிப்பார்கள். நீ கோபப்படவில்லை. டேப்பைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "கேக்க வேண்டியதெல்லாம் கேட்டுட்டப்பா. சொல்ல வேண்டியது எதுனா கீதா?" என்றாய். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, மீனுக்குத் தீனி போடுகிற சாக்கில் எழுந்து போனேன். இருக்கிறது. ஐந்து வருடமாக இருக்கிறது. வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. உன் அம்மாவுக்கும் இந்த விஷயம் தெரியாது, அவளும் படிக்கட்டும். படித்து முடித்த பிறகு நீ என் முகத்தைப் பார்ப்பாயா என்பதுதான் இப்போது என் பயம். வியாழக்கிழமை நீ அந்தக் கடற்கரை மீன் பண்ணைக்கு பஸ் ஏறுவதற்குள் இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது உனக்குப் புதிதில்லை. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் உட்கார்ந்து சொன்னதில்லை. கோலார் தங்க வயலில் உன் தாத்தா சுரங்கத்துக்குள் இறங்குகிறவர். அவர் கீழே இருக்கும் நேரத்தில் சில நாள் பூமிக்குள் பாறை வெடிக்கும். எங்கள் வீட்டு அலமாரியில் பாத்திரங்கள் கிணுகிணுவென்று ஆடும். அப்போது என் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் போய் நிற்பாள். நான் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் வருவார். ஒவ்வொரு முறையும் வந்தார். ஒரு நாள் கூட வராமல் இருந்ததில்லை. கடைசியில் சொந்தக் கட்டிலில் படுத்து இருமி இருமித்தான் போனார். நாங்கள் பயந்த இடம் ஒன்று, ஆபத்து வந்த இடம் வேறு. இதிலிருந்து நான் ஏதாவது கற்றுக்கொண்டிருக்கலாம். கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: என் வீட்டு ஆள் யாரும் எதற்குள்ளும் இறங்கக் கூடாது.

அப்படிப்பட்டவன் கடல் மீன் தொழிலுக்கு வந்தது தமாஷ்தான். கடலை நான் நேரில் பார்த்தது இரண்டே முறை, அதுவும் செருப்பைக் கழற்றாமல். ஆனால் முப்பது வருடமாக நமக்குச் சோறு போடுவது உப்புத் தண்ணீர். ஒக்கலிபுரத்து வீட்டிலிருந்து விடிகாலையில் கிளம்பி, வைட்ஃபீல்டு ஆபீஸ்களின் வரவேற்பறையில் இருக்கும் தொட்டிகளைத் துடைத்து, வடிகட்டிய தண்ணீரில் உப்புக் கலந்து ஊற்றி, பவளப்பாறையைப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்துவிட்டு வருகிறேன். கடல் என் இடுப்பு உயரத்தில், நாலு கண்ணாடிக்குள் இருக்க வேண்டும். அதற்குள் கை மட்டும்தான் போகும். மழை வந்து கரண்ட் போனால் நாலு செக்யூரிட்டிக்கு போன் போட்டு, பேட்டரி பம்ப் ஓடுகிறதா என்று கேட்பேன். "ஓடுது சார், ஸ்வல்ப நிம்மதியா இருங்க சார்" என்று, கொஞ்சம் என்பதைக் கன்னடத்தில் சொல்லி, ஒருவர் தவறாமல் ஆறுதல் சொல்வார். நிம்மதியாக இருந்தால் இந்தத் தொழில் செய்ய முடியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

நீ பத்தாவது படித்தபோது ஒரு ஆபீஸ் வேறு கட்டிடத்துக்கு மாறியது. தொட்டி வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அதிலிருந்த ஒரு ஜோடி பாங்கை மீனை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உனக்கு அவை எப்படி இருந்தன என்று நான் சொல்லவேண்டியதில்லை, ஆனால் உன் அம்மாவுக்காகச் சொல்கிறேன், அவள் அந்தப் பக்கமே வரமாட்டாள். விரல் நீளம்தான் இருக்கும். வெள்ளி உடம்பில் மூன்று கறுப்புப் பட்டை. உடம்புக்கு மீறின நீளத்தில் கறுப்புத் துடுப்பு, கத்திரி மாதிரி பிளந்த வால், எல்லாவற்றிலும் வெள்ளைப் புள்ளி. மற்ற மீன்கள் மாதிரி ஓடியாடாது. ஒரே இடத்தில் அசையாமல் நின்றுகொண்டிருக்கும். நான் இருபது வருடமாக விற்றும் பராமரித்தும் வந்த மீன், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நீ போனை நோண்டி ஒரே வாரத்தில் என்னைவிட அதிகம் தெரிந்துகொண்டாய். இந்தோனேசியாவில் பாங்கை என்கிற சில தீவுகளைச் சுற்றித்தான் அது பிறந்து வளர்கிறது. அலை அதிகம் இல்லாத, ஆள் நின்றால் தலை வெளியே தெரிகிற ஆழத்தில்கூட இருக்கிறது. கடற்புல்லுக்கு நடுவில், நீள முள் இருக்கும் கடல் முள்ளெலிகளின் முட்களுக்கிடையே கூட்டமாக ஒளிந்துகொள்கிறது. பெரிய மீன் வந்தால் முள்ளுக்குள் போய்விடும், துரத்தி வந்தது தன் மூக்கைக் குத்திக்கொண்டு திரும்பிப் போகும். இதையெல்லாம் சாப்பிடும்போது சொல்லுவாய். நான் உம் கொட்டிக்கொண்டே உன் மார்க் ஷீட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் ஆண் மீன் தீனியைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. மூலையில் போய் நின்றுகொண்டது. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. இரண்டு நாள் சாப்பிடாத மீனை உடனே வலைபோட்டுத் தனி வாளிக்கு மாற்றி மருந்து போட்டுவிடுவோம். ஒன்றின் நோய் மொத்தத் தொட்டியையும் காலி செய்துவிடும் என்ற பயம். நான் வலையை எடுத்தேன். நீ ஸ்கூல் யூனிஃபார்மோடு ஓடிவந்து என் கையைப் பிடித்தாய்.

"வுடுப்பா. தாடையப் பாரு, வீங்கி கீது. வாய்ல முட்டை வச்சினு கீது."

"அது கட்டிடா. இந்த மாதிரி எவ்ளோ பாத்துருக்கேன். நீ போய்ப் படி."

"ஆம்பள மீனுதாம்பா வாய்ல வச்சிக்கும். இருவது நாளைக்கு மேல சாப்புடாது. சும்னே வுடு."

"இருவது நாளா? நாளைக்கே செத்து மெதக்கும்டா!"

வலையைப் போட்டேன். அது எங்கும் ஓடவில்லை, வலைக்குள் வந்ததும் ஒரே ஒரு முறை துள்ளியது. வாயிலிருந்து சின்ன ஜவ்வரிசி அளவில் ஆரஞ்சு நிற முட்டைகள் பத்துப் பன்னிரண்டு வலையில் விழுந்தன. மீதியை அது என் கண்முன்னாலேயே விழுங்கியது. பயந்தால் விழுங்கிவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு முட்டைக்குள் இரண்டு கறுப்புப் புள்ளி இருந்தது. கண்கள் என்று நீ சொன்னாய். அதற்குப் பிறகு நாலு நாள் என்னிடம் எதுவுமே சொல்லவில்லை. இருபது வருடம் இந்த மீனை விற்றவன் அது வாயில் முட்டை வைத்து ஒரு முறைகூடப் பார்த்ததில்லை என்றால், வாராவாரம் நான் கைவிட்டுத் துழாவுகிற தொட்டியில் அது முட்டை வைத்ததே இல்லை என்றுதான் அர்த்தம். அல்லது வைத்திருந்து நான் எத்தனையை இப்படி எடுத்தேனோ.

ஒரு மாதம் கழித்து அது மறுபடியும் சாப்பிடுவதை நிறுத்தியது. இந்த முறை நீ வீட்டிலிருந்த வலைகளையெல்லாம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டாய். கண்ணாடியில் ஒரு காகிதம் ஒட்டினாய்: 'கை வைக்காதே'. யாருக்கு என்று எழுதவில்லை, வீட்டில் கை வைக்கிறவன் ஒருவன்தான். எனக்கு அந்த நாட்களில் சோறு இறங்கவில்லை. "ஏங்க, மீனு பட்டினி கெடந்தா நீங்களும் கெடக்கணுமா? அதுக்கு வாய்ல முட்டை, ஒங்களுக்கு இன்னா?" என்று உன் அம்மா தட்டை என் முன்னால் டொக்கென்று வைத்தாள். அவ்வப்போது அந்த மீன் வாயைத் திறந்து முட்டைகளை ஒரு புரட்டுப் புரட்டி மறுபடி மூடிக்கொள்ளும். எல்லா முட்டைக்கும் நல்ல தண்ணீர் பட வேண்டுமாம். முட்டை பொரிந்த பிறகும் அது குஞ்சுகளைத் துப்பவில்லை, மேலும் ஒரு வாரம் வாயிலேயே வைத்திருந்தது. முதுகு ஒட்டிப்போய் கத்தி மாதிரி ஆகிவிட்டது. இருபத்தேழாவது நாள் நான் வேலையிலிருந்து வந்தபோது நீ வாசலிலேயே நின்றிருந்தாய். "பத்தொம்போது" என்றாய். நீ எஸ்.பி. ரோட்டுக் கடையிலிருந்து ஒயர் கட்டுகிற கறுப்பு கேபிள் டை வாங்கிவந்து, ஒரு பிளாஸ்டிக் குழாய் மூடியில் ஓட்டை போட்டுச் சொருகி, முள்ளெலி மாதிரி ஒன்று செய்து முன்பே தொட்டியில் போட்டிருந்தாய். நகத்தளவுகூட இல்லாத பத்தொன்பது குஞ்சுகள், அப்பனைப் போலவே பட்டையோடு, அந்த பிளாஸ்டிக் முட்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தன. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. தண்ணீர் தெறித்துவிட்டது என்று சொன்னேன். நீ நம்பியிருக்கமாட்டாய்.

நான் வலையைக் கேட்டேன், வேறு தொட்டிக்கு மாற்ற. நீ தரவில்லை. டம்ளரில் தண்ணீரோடு மொண்டு எடுத்தால் போதும் என்று சொல்லி, ஒவ்வொன்றாக நீயே மாற்றினாய். ஏன் மாற்ற வேண்டும், அப்பன்தானே என்று கேட்டேன். "வாய்ல இருக்கிற வரைக்கும்தாம்பா புள்ள. வெளிய வந்து கிட்டயே சுத்தினு இருந்தா அதுவே துன்னுடும்" என்றாய். பட்டினி கிடந்து காப்பாற்றிய அதே வாயா என்று எனக்கு மனசு ஆறவில்லை. நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். இன்னொன்றும் சொன்னாய். பவளப்பாறை மீன்களில் பெரும்பாலானவற்றின் குஞ்சுகள் பொரிந்ததும் கடலோடு போய்விடும், வாரக்கணக்கில் மிதந்து எங்கோ ஒரு பாறையில் ஒதுங்கிப் பிழைத்துக்கொள்ளும். அதனால் அவை பல கடல்களில் பரவியிருக்கின்றன. பாங்கை மட்டும் குஞ்சைக் கடலுக்கு விடாது, வாயிலேயே வைத்திருந்து வாசலில் இறக்கிவிடும். அதனால் அதற்குப் பக்கத்துத் தீவுக்குக்கூடப் போக வராது. நடுவில் ஆழம் வந்தால் தாண்டாது. உலகத்திலேயே அந்தச் சில தீவுகளை விட்டால் அதற்குச் சொந்த இடம் இல்லை, அங்கேயும் எங்களைப் போன்ற தொட்டிக்காரர்களுக்காகப் பிடித்துப் பிடித்துக் குறைந்துபோய்விட்டது. பண்ணையில் வளர்த்தால் கடலில் பிடிக்க வேண்டியதில்லை, நான் அந்த வேலைக்குத்தான் போவேன் என்று அன்றைக்கே சொன்னாய். பத்தாவது படிக்கிற பையன் ஆயிரம் சொல்வான் என்று விட்டுவிட்டேன்.

இனி அந்த விஷயத்துக்கு வருகிறேன். நீ பி.எஸ்ஸி. முடித்த வருடம் இதே பண்ணைக்கு விண்ணப்பம் போட்டாய். அப்போது உன் போன் உடைந்து கடையில் கிடந்தது, என் நம்பரைக் கொடுத்திருந்தாய். ஒரு நாள் காலையில் நான் வைட்ஃபீல்டில் தொட்டிக்குள் முழங்கை வரை கைவிட்டிருந்தபோது போன் வந்தது. ஈரக் கையோடு எடுத்தேன். ஒரு மேடம் பேசினார். "தம்பி செலக்ட் ஆயிட்டாருங்க. திங்கக்கெழம வந்து சேரச் சொல்லுங்க. தீவுப் பக்கம் போய் மீனைப் பாக்கணும், அதுக்கு டைவிங்கும் நாங்களே கத்துக்குடுப்போம்" என்றார். டைவிங் என்ற வார்த்தைக்குப் பிறகு அவர் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை. அலமாரியில் பாத்திரம் ஆடுகிற சத்தம்தான் கேட்டது. "அவனுக்கு வேற வேலை கெடச்சிடுச்சும்மா, வரமாட்டான்" என்று சொன்னேன். அவர் அப்படியா என்று வருத்தப்பட்டு, வாழ்த்துச் சொல்லச் சொன்னார். போனை வைத்துவிட்டு அந்த நம்பரை அழித்தேன். பிறகு தொட்டியைத் துடைத்து முடித்தேன்.

இதைவிட மோசமானது அதற்குப் பிறகு நடந்தது. நீ மூன்று வாரம் காத்திருந்தாய். தினமும் மாலையில் "எதுனா போன் வந்துச்சாப்பா?" என்று கேட்டாய். வரவில்லை என்று தினமும் சொன்னேன். நாலாவது வாரம் கேட்பதை நிறுத்திவிட்டு, ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற வேலைக்குச் சேர்ந்தாய். ஆபீஸ் வண்டியில் அதே வைட்ஃபீல்டுக்குப் போய் வந்தாய். வீட்டுத் தொட்டியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உன் சித்தப்பா ஒரு தரம் "இன்னாடா மீன் படிப்பு இன்னாச்சு?" என்று கேட்டபோது, "எனக்கு அவ்ளோ மூளை இல்ல சித்தப்பா, எடுத்துக்கல" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கண்ணு, உனக்கு மூளை இருந்தது. அவர்கள் உன்னை எடுத்தார்கள். உன்னை வேண்டாம் என்று சொன்னவன் நான்.

நீ தண்ணீருக்குள் போகாமல் பத்திரமாக இருக்கிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ பத்திரமாக இல்லை. தினமும் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினாய். ஞாயிற்றுக்கிழமைகளில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். நான் பழைய பழக்கப்படி உன்னை ஒரு டாக்டரிடம் அழைத்துப் போய் சத்து மாத்திரை எழுதி வாங்கினேன். காரணம் தெரிந்த ஒரே ஆள் நான்தான், நானே மாத்திரை வாங்கிக் கொடுத்தேன்.

போன மாதம் நீ எங்கள் யாரிடமும் சொல்லாமல் மறுபடி விண்ணப்பம் போட்டு, உன் சொந்த நம்பரைக் கொடுத்து, இடம் வாங்கிக்கொண்டு வந்து நின்றாய். உன் அம்மா சந்தோஷத்தில் அழுதாள். எனக்கு இரண்டு பயம் ஒன்றாக வந்தது. ஒன்று தண்ணீர். இன்னொன்று அந்த மேடம். அவர் இன்னும் அங்கே இருந்தால், "போன தடவை வேற வேலைன்னு உங்கப்பா சொன்னாரே" என்று கேட்பார். நீ அங்கே தனியாக நின்று அதைக் கேட்பாய். ஆகவே நான் ஏதோ பெரிய மனசோடு உண்மையைச் சொல்கிறேன் என்று நினைக்காதே. மாட்டிக்கொள்வேன் என்ற பயமும் இந்தப் பேனாவைப் பிடித்துத் தள்ளுகிறது. ஆனால் அந்த மேடம் வேலையை விட்டுப் போயிருந்தாலும், இதைச் சொல்லாமல் உன்னை அனுப்ப என்னால் முடியாது. நான் செய்தது தப்பு. உன் ஐந்து வருடத்தை எடுத்துக்கொண்டேன். மன்னித்துவிடு என்று எழுதக் கை வருகிறது, கேட்கத்தான் கூச்சமாக இருக்கிறது.

புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை, ஆனால் அப்பன் என்கிற பழக்கம் விடாது. மூக்கு அடைத்திருக்கிற நாளில் தண்ணீருக்குள் போகாதே. மேலே வரும்போது அவசரப்படாதே. படகில் இருக்கும்போது என் போனை எடுக்க வேண்டாம். உனக்குக் கீழே யாராவது வேலை செய்கிற காலம் வந்தால், ஒருவன் சாப்பிடாமல் ஒதுங்கி நின்றால் உடனே கையைப் போடாதே, என்ன வைத்திருக்கிறான் என்று முதலில் பார். நீ எனக்குச் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறேன். எனக்குப் பயம் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. நீ தண்ணீருக்குள் இருக்கும் ஒவ்வொரு மணியும் நான் இங்கே வாசலில் போய் நிற்பேன், என் அம்மா நின்ற மாதிரி. ஆனால் அவள் ஒரு நாளும் தாத்தாவின் வழியில் குறுக்கே நிற்கவில்லை. நின்றது நான் மட்டும்தான்.

இன்று காலை தீனி போட்டபோது ஆண் மீன் வரவில்லை. அந்தப் பழைய ஜோடியின் வம்சத்தில் வந்ததுதான் இதுவும். நேற்றும் வரவில்லை என்று இப்போது ஞாபகம் வருகிறது. மூலையில் நிற்கிறது, தாடை உப்பியிருக்கிறது. என் கை தானாக ஆணியில் மாட்டியிருந்த வலைக்குப் போனது. எடுத்தேன், கழுவினேன், காயவைத்தேன். வீட்டிலிருந்த மற்ற வலைகளையும் தேடி எடுத்தேன், மொத்தம் ஐந்து. ஐந்தையும் உன் அட்டைப்பெட்டியில், ரெயின்கோட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். பண்ணையில் உதவும் என்றால் வைத்துக்கொள், இல்லாவிட்டால் போகிற வழியில் எங்காவது போட்டுவிடு. இங்கே டம்ளர் போதும். உன் கேபிள் டை முள்ளெலியைத் தேய்த்துத் தொட்டியில் இறக்கிவிட்டேன்.

இதைப் படித்தபின் நீ என்னிடம் பேச வேண்டும் என்று இல்லை. போன தடவை அந்த முட்டைகளுக்காக நாலு நாள் பேசாமல் இருந்தாய், இது அதைவிடப் பெரிய தப்பு. நானாக உன்னைக் கூப்பிடமாட்டேன், ரெயின்கோட் எடுத்தாயா என்றுகூட. நாட்களை மட்டும் காலண்டரில் குறித்துவைக்கிறேன், நேற்று முதல் நாள். எல்லாம் நல்லபடியாக நடந்தால் இன்னும் ஒரு மாதத்தில் அது வாயைத் திறக்கும். எத்தனை என்று உனக்குத் தெரிந்துகொள்ளத் தோன்றினால் அப்போது ஒரு போன் பண்ணு. எண்ணி வைத்திருப்பேன்.

அப்பா